வாங்கலாமா, வேண்டாமா? – ஒரு பழைய டிஸ்கவரியும் குறைந்துசெல் மதிப்பு முறையும்

2025 ஜூலை முதல் வாரத்தில் டெல்லியில் பழைய வண்டி வைத்திருந்தவர்கள் யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கும், பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் ஜூலை 1 முதல் எந்த பங்க்கிலும் எண்ணெய் ஊற்றக் கூடாது என்று உத்தரவு. பங்க்கில் கேமரா, பக்கத்தில் போலீஸ். வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்கிராப்புக்குப் போட்டுவிடுவார்கள் என்று பேச்சு.

விதி ஒன்றும் புதிதில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015லேயே சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018ல் உறுதி செய்தது. ஏட்டில் இருந்ததைத் திடீரென்று ரோட்டில் இறக்கியதுதான் பிரச்சினை. அங்கே எதிர்ப்பு கிளம்பியதில் மூன்றே நாளில் டெல்லி அரசு 'இப்போ முடியாது' என்று கடிதம் எழுத, விஷயம் தள்ளிப்போனது. ஆனால் பயம் தள்ளிப்போகவில்லை. கரோல் பாக் பக்கம் பழைய சொகுசு வண்டிகளின் விலை சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது.

அந்தச் சரிவில் ஒன்று உருண்டு சண்டிகருக்கு, என் வாட்ஸப்புக்கு வந்து சேர்ந்தது. லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4. 2015 செப்டம்பர் பதிவு, மூன்று லிட்டர் டீசல், ஒரே ஓனர், 62 ஆயிரம் கிலோமீட்டர். இன்னும் இரண்டு மாதத்தில் பத்து வயசு. கேட்ட விலை 16 லட்சம். புதுசாக வாங்கியவர் இதைப்போல நாலைந்து மடங்கு கொடுத்திருப்பார்.

சண்டிகர் டெல்லி என்சிஆருக்குள் வராது. ஆகவே பத்து வருஷக் கெடு இங்கே இல்லை. என்ஓசி வாங்கிக்கொண்டு வந்து இங்கே மாற்றிவிட்டால் 2030 வரை ராஜா மாதிரி ஓட்டலாம். அப்புறம் ஃபிட்னஸ் பார்த்து ஐந்து வருஷம் நீட்டிக்கலாம். அங்கே குப்பை, இங்கே பொக்கிஷம். நடுவில் 250 கிலோமீட்டர்தான் தூரம்.

சரி, உனக்கு எதுக்குய்யா இந்த வண்டி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

2004ல் என் முதல் போஸ்டிங் வால்பாறை. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகவேண்டிய ஊர். எஸ்டேட் கடன் விஷயமாக மேலே போகும்போதெல்லாம் எஸ்டேட் ஜீப்தான். மழையில் ஊறிய செம்மண் சரிவில் டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்தி, சின்னக் குச்சியைப் பின்னால் இழுத்து லோ கியரில் போடுவார். பிறகு பிரேக்கையும் தொடமாட்டார், ஆக்ஸிலேட்டரையும் தொடமாட்டார். எஞ்சின் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டே யானை இறங்குவது மாதிரி இறங்கும். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். இருபது வருஷமாக ஆல்ட்டோ, வேகன்-ஆர் என்று ஓட்டியும் தெளியவில்லை.

டிஸ்கவரி 4 அந்த ஜீப்போட கோடீஸ்வரப் பேரன். அதே லோ கியர் இதிலும் இருக்கு. கூடவே ஒரு வட்டக் குமிழ். சேறு, மணல், பாறை, பனி என்று திருப்பினால் எஞ்சின், கியர், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் அதற்குத் தகுந்த மாதிரி மாறிக்கொள்ளும். ஏர் சஸ்பென்ஷன் என்பதால் பட்டனை அழுத்தினால் வண்டியே எழுந்து நிற்கும். 700 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கலாம். ஏழு பேர் உட்காரலாம். எடை இரண்டரை டன். சண்டிகரில் உட்கார்ந்துகொண்டு, ஸ்பிட்டி பள்ளத்தாக்கு ஒரு நாள் தொலைவில் இருக்கும்போது, இதெல்லாம் படிக்கிறவனுக்கு மனசு என்ன ஆகும்?

மேட்டருக்கு வருவோம். ஆசையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கடன் விண்ணப்பம் பார்க்கிற மாதிரி ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தேய்மானம் கணக்கிட இரண்டு முறை பிரதானம். நேர்கோட்டு முறை, குறைந்துசெல் மதிப்பு முறை. இரண்டாவது முறைக்குப் புத்தகத்தில் ஒரு காரணம் சொல்வார்கள். ஆரம்ப வருஷங்களில் தேய்மானம் அதிகம், ரிப்பேர் குறைவு. போகப் போகத் தேய்மானம் குறையும், ரிப்பேர் ஏறும். இரண்டையும் கூட்டினால் ஒவ்வொரு வருஷமும் சுமை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதோடு மறந்த வரி.

அந்த வரிதான் பழைய சொகுசு வண்டியின் முழு ரகசியம். முதல் ஓனர் தேய்மானம் என்கிற பத்தியை நிரப்பிவிட்டுப் போய்விட்டார். ரிப்பேர் என்கிற பத்தி இரண்டாவது ஓனருக்காகக் காலியாகக் காத்திருக்கிறது. நாம் 'எழுபது, எண்பது லட்ச ரூபாய் வண்டி 16 லட்சத்துக்கு' என்று குதிக்கிறோம். வண்டி விலைதான் இறங்கியிருக்கிறது, பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. டயர் கடைக்காரருக்கு இது பத்து வருஷப் பழைய வண்டி என்று தெரியவே தெரியாது. 19 இஞ்ச் டயர் என்றால் 19 இஞ்ச் டயர் விலைதான்.

கணக்கு இப்படி வந்தது. எல்லாம் நாலு இடத்தில் விசாரித்து நான் போட்ட மதிப்பீடு, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்:

வண்டி – 16 லட்சம்.
இங்கே பதிவு, வரி, ஏஜென்ட் – 1 லட்சம்.
ஸ்டெப்னியோடு ஐந்து டயர் – 1.25 லட்சம்.
டைமிங் பெல்ட், எல்லா எண்ணெய்களும், பிரேக், பேட்டரி – 1.75 லட்சம்.
எதிர்பாராததுக்கு ஒதுக்கீடு – 4 லட்சம்.

ஆக 24 லட்சம். அந்தக் காசுக்குக் கிட்டத்தட்ட ஒரு புது ஸ்கார்பியோ-என் ஃபோர் வீல் டிரைவ் வரும், வாரன்ட்டியோடு. அதிலும் லோ கியர் இருக்கு.

அந்த 4 லட்சம் ஒதுக்கீடு ரொம்ப ஜாஸ்தியோ என்று சந்தேகம். மணிமாஜ்ரா மோட்டார் மார்க்கெட்டில் இந்த மாதிரி வண்டிகளை மட்டும் பார்க்கிற ஒரு சர்தார்ஜி இருக்கிறார். எங்கள் கிளையில் கரன்ட் அக்கவுன்ட் வைத்திருக்கிறவர். டெல்லிக்காரர் வண்டியைக் கொண்டுவந்து காட்டிய அன்று அவரிடம் விட்டேன். இரண்டு மணி நேரம் பார்த்தார். கம்ப்யூட்டரை மாட்டினார், அடியில் படுத்தார், சஸ்பென்ஷனை ஏற்றி இறக்கினார், சீட்டுக்கு அடியில் கையை விட்டு ரெயிலில் துரு இருக்கா என்று தடவினார் (டெல்லி மழையில் முங்கின வண்டியா என்று பார்க்க இதுதான் வழியாம்).

"வண்டி நல்லா இருக்கு மேனேஜர் சாப். இன்னைக்கு."

"இன்னைக்குன்னா?"

"இன்னைக்குன்னா இன்னைக்குத்தான். ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரஸர் இந்த வயசுல எப்ப வேணா போகும், போனா மாத்தணும். பெல்ட் ஒண்ணு இல்ல, ரெண்டு. முன்னாடி ஒண்ணு, டீசல் பம்புக்குப் பின்னாடி ஒண்ணு. நிறைய பேர் முன்னாடி இருக்கறதை மட்டும் மாத்திட்டு விட்டுடுவாங்க. டர்போவுல வேலைன்னா சில நேரம் பாடியையே சேஸிஸ்லேர்ந்து தூக்கணும்."

"பாடியைத் தூக்கறதுன்னா?"

"தூக்கறதுன்னா தூக்கறதுதான்." இரண்டு கையாலும் ஒரு அண்டாவை அடுப்பிலிருந்து இறக்குகிற மாதிரி காட்டினார்.

இந்த எஞ்சினில் கிராங்க்‌ஷாஃப்ட் உடைகிற கதை உலகம் முழுக்க ஓனர்கள் வட்டாரத்தில் பிரசித்தம். எல்லா வண்டிக்கும் வராது. வந்தால் எஞ்சினே மாற்றவேண்டியதுதான். அதைப் பற்றிக் கேட்டேன். "பாஜி, அது வருமா வராதா?" அவர் சிரித்துவிட்டு, "எண்ணெயைச் சீக்கிரம் சீக்கிரம் மாத்துங்க, வாஹே குருவை வேண்டிக்குங்க" என்றார். ரிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்ஷூரன்ஸ் இருக்கே என்று தோன்றும். அங்கேயும் வயசுதான் பேசுகிறது. ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐடிவி என்பது கம்பெனியும் நாமும் பேசி முடிவு செய்கிற தொகை. ஜீரோ டெப் பத்து வயசு வண்டிக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு. அது இல்லாமல் க்ளெய்ம் போனால், பத்து வருஷம் தாண்டிய வண்டியின் உலோக பார்ட்ஸில் பாதி விலையைக் கழித்துவிடுவார்கள். பிளாஸ்டிக், ரப்பர் என்றால் வயசு பார்க்காமலேயே பாதி. ஒரு ஹெட்லைட்டும் பம்பரும் போனால் பாதி நம் பாக்கெட்டிலிருந்து, அதுவும் சொகுசு வண்டியின் ஹெட்லைட். தவிர, எஞ்சின் தானாகக் கெட்டால் சாதாரண பாலிஸி காசு தராது. பாலிஸி விபத்துக்கு, வயசுக்கு இல்லை.

கடன்? எங்கள் தொழில் ரகசியம் ஒன்றுமில்லை, வெளிப்படையான விஷயம்தான். பழைய வண்டிக்கு வட்டி அதிகம், மதிப்பில் கொடுக்கிற சதவீதம் குறைவு, வண்டியின் வயசையும் தவணைக் காலத்தையும் கூட்டிப் பார்த்து ஒரு எல்லைக்கு மேல் போனால் ஃபைல் நகராது. ஸ்டாஃப் லோன் புது வண்டிக்குத் தாராளம், பத்து வயசு வண்டிக்கு வாயே திறக்கமுடியாது. பல பேர் இதைத் தடை என்று நினைக்கிறார்கள். நான் தகவல் என்று எடுத்துக்கொள்வேன். ஒரு பொருளை அடமானமாக வாங்கிக்கொள்ள எந்த வங்கியும் தயாராக இல்லை என்றால், அதன் மறுவிற்பனை மதிப்பைப் பற்றி வங்கிகள் ஏதோ சொல்கின்றன என்று அர்த்தம்.

ஆக, ரொக்கம். என்னிடம் இருந்த ரொக்கம் என்பது ஒரே ஒரு எஃப்டி, 18 லட்சம். ஸ்டாஃப் என்பதால் ஒரு சதவீதம் கூடுதல் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. பொண்ணு அப்போது பிளஸ் ஒன். எஃப்டிக்குப் பெயர் எதுவும் எழுதவில்லை. ஆனால் அது எதற்கு என்று வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

நான் தாளில் ஒரு சமாதானமும் எழுதி வைத்திருந்தேன். இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு 12 லட்சத்துக்குக் கொடுத்துவிடலாம், போனஸ், அரியர்ஸ் எல்லாம் போட்டு எஃப்டியை மறுபடி நிரப்பிவிடலாம். ஒரு வாடிக்கையாளர் இப்படி ஒரு திட்ட அறிக்கையோடு வந்திருந்தால், 'அந்த 12 லட்சம் எந்த ஆதாரத்தில் எழுதினீங்க சார்?' என்று முதல் கேள்வியே கேட்டிருப்பேன்.

தங்கமணி தாளை முழுக்கப் படித்தாள். எஃப்டி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் உதறல். கடைசியில் கேட்டது இது:

"ஏங்க, அடுத்த ஏப்ரல்ல உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் லிஸ்ட்ல பேர் வரும்ல?"

"வரும். மூணு வருஷம் முடியுதே."

"வண்டி நம்மகூட வரும். அந்த சர்தார்ஜி வருவாரா?"

அவ்வளவுதான். பேச்சு அங்கே நின்றது.

யோசித்துப் பார்த்தால், பழைய சொகுசு வண்டி வாங்குகிறவன் வண்டியை வாங்கவில்லை, ஒரு மெக்கானிக்கை வாங்குகிறான். அந்த 4 லட்சம் ஒதுக்கீடு மணிமாஜ்ராவில் அந்த மனிதர் இருக்கிற வரைக்கும்தான் 4 லட்சம். சிலிகுரியிலோ, காரைக்குடியிலோ அது எவ்வளவு ஆகும் என்று என்னால் எழுதவே முடியாது. அங்கே கம்ப்ரஸர் போய் வண்டி தரையோடு உட்கார்ந்துவிட்டால், ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றி முன்னூறு, நானூறு கிலோமீட்டர் அனுப்பவேண்டும். போதாக்குறைக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் மறுபடி என்ஓசி, மறுபடி வரி. தமிழ்நாட்டுக்கு மாற்றல் கிடைத்தால் சந்தோஷப்படுவதா, வண்டியின் வயசுக்கும் விலைக்கும் தகுந்த ஆயுள் வரியைக் கட்டுவதா? எங்கள் மாதிரி மூணு வருஷத்துக்கு ஒரு ஊர் மாறுகிறவர்களுக்கு எல்லாமே டிரான்ஸ்ஃபர் ஆகும். பால்காரர், டாக்டர், மெக்கானிக் மட்டும் ஆகமாட்டார்கள்.

ஸ்பிட்டி கணக்கையும் அதே கோணத்தில் பார்த்தேன். காஸா கிட்டத்தட்ட பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல். அங்கே வாழ்கிற சனங்கள் எதில் போகிறார்கள்? பொலேரோ, ஆல்ட்டோ. ரெக்காங் பியோவிலிருந்து ஹிமாசல் அரசு பஸ்ஸே தினம் போகிறது. அவர்களுக்கு டிஸ்கவரியின் அருமை தெரியாமல் இல்லை. வழியில் நின்றுபோனால் பக்கத்து ஊர்ப் பையன் ஒரு ஸ்பேனரோடு வந்து கிளப்பிவிடுகிற வண்டிதான் அங்கே ஆஃப்-ரோடு வண்டி.

டெல்லிக்காரருக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொன்னேன். மறுபடி 15க்கு இறங்கினார். இரண்டு நிமிஷம் கை அரித்தது, பொய் சொல்லவில்லை.

பத்து நாளில் வண்டி போய்விட்டது. ஹிமாசலில் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் வாங்கினாராம். சொந்தமாக நாலு லாரி, லாரிக்கு ஒரு ஒர்க்‌ஷாப், சம்பளத்துக்கு இரண்டு மெக்கானிக். சர்தார்ஜிதான் சொன்னார். கேட்டதும் எனக்கு வருத்தம் வரவில்லை, நிம்மதிதான். அதே வண்டி, அதே விலை. அவருக்கு அது மலிவு, எனக்கு அது கடன். வண்டி அவர் கையில் மலைக்குத்தான் போயிருக்கிறது, மாலுக்குப் போகவில்லை.

அப்புறம் நடந்ததையும் சொல்லவேண்டும். 2025 ஆகஸ்ட் 12ல் உச்ச நீதிமன்றம், வயசை மட்டும் காரணமாக வைத்து ஓனர்கள் மேல் நடவடிக்கை எடுக்காதே என்று சொன்னது. டிசம்பர் 17ல் அதைத் திருத்தி, பிஎஸ்-4ம் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு என்றது. நடுவில் செப்டம்பர் 22ல் பெரிய எஸ்யூவிகளின் மொத்த வரி ஏறக்குறைய 50 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் ஆனது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் கூடவே இறங்கும். ஆறு மாதத்துக்குள் மூன்று முறை ஆட்டம் மாறியது. என் தாளில் இருந்த '12 லட்சத்துக்கு விற்கலாம்' என்ற வரி எவ்வளவு கெட்டியானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு படித்த பிறகும் வாங்கத் துடிக்கிறவர்கள் இருப்பீர்கள் (எனக்குத் தெரியாதா). உங்களுக்காக, நான் சேர்த்து வைத்த நடைமுறைக் குறிப்புகள்:

1. எம்பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், அடமானம் இருக்கா, இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கா என்று தெரியும். சலான் பாக்கி தனியாகப் பாருங்கள். பாக்கி இருந்தால் என்ஓசியில் இடிக்கும்.

2. கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. வங்கிக் கடிதமும் ஃபார்ம் 35ம் வேண்டும். வெளி மாநிலம் என்றால் ஃபார்ம் 28. பெயர் மாற்ற 29, 30. முழுப் பணமும் கொடுப்பதற்கு முன்னால் இவை கையில் இருக்கணும்.

3. வியாபாரியிடம் வாங்கினால், ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று மொத்த விலைக்கும் போட்டுக் காட்டினால் நம்பாதீர்கள். 2024 டிசம்பர் கவுன்சில் முடிவுப்படி அது அவருடைய லாபத்தின் மேல் மட்டும்தான். தனி ஆள் தன் சொந்த வண்டியைத் தனி ஆளுக்கு விற்றால் அதுவும் இல்லை.

4. பெயர் மாற்றிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் மாற்றுங்கள். நோ க்ளெய்ம் போனஸ் பழைய ஓனரோடு போய்விடும், வண்டியோடு வராது.

5. கிலோமீட்டரை நம்பாதீர்கள், சர்வீஸ் பில்லை நம்புங்கள். பத்து வருஷத்தில் 62 ஆயிரம் என்றால் எண்ணெய் மாற்றியது கிலோமீட்டர் கணக்கிலா, வருஷக் கணக்கிலா என்று கேளுங்கள். நின்றே கிடந்த வண்டிக்கும் பெல்ட் வயசாகும்.

கடைசியாக, பணம் கொடுக்கும் முன்னால் மூன்று கேள்வி. விலையில் நாலில் ஒரு பங்கு தனியாக எடுத்து வைக்கமுடியுமா? ஒரு மாதம் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தால் ஆபீஸ் போக வேறு வண்டி இருக்கா? உங்கள் மெக்கானிக்கும் நீங்களும் அடுத்த ஐந்து வருஷம் ஒரே ஊரில் இருப்பீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் தாராளமாக வாங்குங்கள், அதைப்போல ஒரு சுகம் கிடையாது. வாங்கினால் ஒரு நாள் என்னையும் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, ஏதாவது ஒரு சரிவில் லோ கியரில் இறக்கிக் காட்டுங்கள். டீசல் என் செலவு.